ஓய்வுக்கும் அளவு சொல்லுங்கள்

"குதிகால் வலின்னா நடையைக் குறைச்சுக்கோங்க." நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிற எவருக்கும் இந்த ஒரு வரி தப்பாமல் கிடைத்துவிடுகிறது. அடுத்த நோயாளியை அழைக்கும் அவசரத்தில் மருத்துவர் சொல்கிறார். மருந்துக் கடைக்காரர் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். வெளியூரில் இருக்கும் மகன் போனில் சொல்கிறான்: "பேசாம ரெஸ்ட் எடும்மா, இந்த வயசுல எதுக்கு வாக்கிங்?" எல்லாருமே அக்கறையோடுதான் சொல்கிறார்கள். அதனாலேயே யாரும் இதை எதிர்த்துக் கேட்பதில்லை. நான் எதிர்க்கிறேன். பெரும்பாலான நடுவயதுக்காரர்களுக்கு இது தவறான அறிவுரை. இதனால் காலும் தேறுவதில்லை, ஆளும் தேறுவதில்லை.

எந்த வலியைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்து தரையில் முதல் அடி வைத்ததும் குதிகாலின் உட்பக்கம் சுருக்கென்று குத்தும். விந்தி விந்திக் கொல்லைப்புறம் போய் வருவதற்குள் கொஞ்சம் தளர்ந்துவிடும். வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்தும். நம் ஊரில் குதிவாதம் என்பார்கள். மருத்துவர் சீட்டில் பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்று இருக்கும். குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் வேர்வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை ஒன்று உள்ளங்காலின் வளைவைத் தாங்கிப் பிடிக்கிறது. அது எலும்போடு சேரும் இடத்தில்தான் வலி. பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வரும் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம். இதற்கு நெருங்கிய உறவு, குதிகாலின் பின்புறத்தில் கெண்டைச் சதையை எலும்போடு பிணைக்கும் அகில்லிஸ் தசைநாரின் வலி. கால்வலி என்று நடுவயதில் வருகிறவர்களில் ஏராளமானோர் இந்த இரண்டில் ஒன்றால்தான் வருகிறார்கள்.

ஓய்வெடு என்பதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. உள்ளே புண்போல் அழற்சி இருக்கிறது, அசைக்காமல் விட்டால் ஆறிவிடும் என்பது அது. 2003இல் ஹார்வி லெமான்ட் என்ற அமெரிக்கப் பாத மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்த வலிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 50 பேரின் திசுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். அழற்சிக்கான அடையாளம் காணக் கிடைக்கவில்லை. கண்டது நார்கள் நைந்து, ஒழுங்கு குலைந்து கிடந்ததைத்தான். இது சின்ன வேறுபாடு அல்ல. அழற்சி என்றால் அமைதியாக விடலாம். நைந்த நாருக்கு வேண்டியது மறுபடி இறுகிக் கட்டிக்கொள்வது. உடம்பில் நாரும் தசையும் எலும்பும் தம்மேல் விழும் பாரத்தைப் பொறுத்துத்தான் தம்மைக் கட்டிக்கொள்கின்றன. பாரமே இல்லாத இடத்தில் உடம்பு எதையும் கட்டுவதில்லை, இருப்பதையும் கரைத்துவிடுகிறது.

எக்ஸ்ரேயைக் காட்டி "பாருங்க, எலும்பு வளர்ந்திருக்கு, நடந்தா குத்தத்தான் செய்யும்" என்பது இன்னொரு பயமுறுத்தல். முள்போல் நீளும் அந்த எலும்பு வலியே இல்லாத எத்தனையோ பேரின் குதிகாலிலும் இருக்கிறது; வலியால் துடிக்கிற எத்தனையோ பேருக்கு முள்ளே இல்லை. வலி தீர்ந்தவர்களுக்கு மறுபடி எக்ஸ்ரே எடுத்தால் முள் அங்கேயேதான் இருக்கும். அதை வைத்து ஒருவரின் நடையை நிறுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஓய்வு என்ற மருந்தை உலகுக்கே பிரபலப்படுத்தியவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்க விளையாட்டு மருத்துவர் கேப் மிர்கின் 1978இல் வெளியிட்ட நூலில் ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரு சூத்திரமாகச் சொன்னார். அதை இன்றும் பள்ளி விளையாட்டு ஆசிரியர்வரை ஒப்பிக்கிறார்கள். பின்னாளில், பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதியவரும் அதே மிர்கின்தான். இன்று காயங்களுக்கான வழிகாட்டுதல்களில் ஓய்வு இருந்த இடத்தில் 'தகுந்த அளவு பாரம்' வந்து உட்கார்ந்துவிட்டது. சூத்திரத்தை எழுதியவர் திருத்திக்கொண்டார். நாம்தான் பழைய பதிப்பையே படித்துக்கொண்டிருக்கிறோம்.

படுத்துக் கிடப்பது உடம்பை என்ன செய்யும் என்பதற்கு நான் அறிந்தவரை மிக வலுவான சான்று 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த சோதனை. இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்காமல் வைத்திருந்தார்கள். அவர்களின் உடலுழைப்புத் திறன் ஏறக்குறைய கால் பங்கு சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டதே அதிகமாக இருந்தது! அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் வயதுக்காரர்கள் மனத்தில் வைக்க வேண்டியது. ஐம்பது வயதான அந்த ஐவருக்கும் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். வயதால் இழந்த மூச்சுத்திறனை முழுவதும் மீட்டுக்கொண்டார்கள். "இந்த வயசுல எதுக்கு" என்று கேட்கும் மகனுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

அது படுக்கை, நாங்கள் படுக்கச் சொல்லவில்லையே, நடக்க வேண்டாம் என்றுதானே சொல்கிறோம் என்பார்கள். சரி, நேரடியாகக் காலுக்கே வருவோம். சுவீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவர் இருக்கிறார். ஓடும் பழக்கம் உள்ளவர். 1990களில் அவருக்கே அகில்லிஸ் வலி வந்தது. அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள் என்று மேலதிகாரியைக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். தசைநார் அறுந்தே போகட்டும், அப்போதாவது செய்வார்கள் என்று வலியோடு காலுக்குப் பாரத்துக்கு மேல் பாரம் ஏற்றிப் பயிற்சி செய்தார். நார் அறுபடவில்லை, வலிதான் போயிற்று. இதை முறைப்படுத்தி 15 பேரிடம் செய்து பார்த்து 1998இல் வெளியிட்டார். அவர்களின் சராசரி வயது 44. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள் பன்னிரண்டு வாரத்தில் திரும்ப ஓடப் போய்விட்டார்கள்.

2007இல் அதே நாட்டில் கேரின் சில்பர்நாகல் செய்த ஆய்வு இன்னும் நேராகக் கேள்வி கேட்டது. அகில்லிஸ் வலி உள்ள 38 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே பயிற்சி. ஒரு தரப்பு முதல் ஆறு வாரம் ஓடவோ குதிக்கவோ கூடாது. மற்றத் தரப்பு ஓடலாம். ஓடியவர்களுக்குக் கட்டுப்பாடு ஒன்றுதான்: வலியைப் பத்துக்கு ஐந்துக்கு மேல் போகவிடக் கூடாது, மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். முடிவில் இரு தரப்பும் ஒரே அளவு தேறியது. ஓடியதால் யாருக்கும் கேடு வரவில்லை. ஓய்வு கூடுதலாக எதையும் தரவில்லை. அப்படியானால் எதற்காக நம் அம்மாக்களை, அத்தைகளை மாதக்கணக்கில் உட்கார வைக்கிறோம்?

குதிகாலுக்கென்றே டென்மார்க்கில் மைக்கேல் ராத்லெஃப் குழுவினர் 48 பேரிடம் ஓர் ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு உள்ளங்காலை இழுத்து நீட்டும் பயிற்சி. மறுபாதிக்குப் பாரத்தோடு குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி, ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாம் மாதத்தில் பாரம் தூக்கியவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். ஓராண்டில் இருவரும் சமமாகிவிட்டார்கள். இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, எதுவும் செய்யாட்டியும் ஒரு வருஷத்துல தானா சரியாயிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஆய்வில் எதுவும் செய்யாதவர் ஒருவரும் இல்லை. இருவரும் ஏதோ ஒன்றைத் தவறாமல் செய்தார்கள். தானாகச் சரியாகும் என்றே வைத்துக்கொண்டாலும், ஐம்பது வயதில் ஓராண்டு உட்கார்ந்துவிட்டு எழுகிறவர் உட்கார்ந்தபோது இருந்தவராகவா இருப்பார்? தொடைச் சதை போயிருக்கும். சர்க்கரை ஏறியிருக்கும். பேருந்தில் ஏறப் பயம் வந்திருக்கும். குதிகால் தேறியிருக்கலாம், அதன்மேல் நிற்க வேண்டிய ஆள் இளைத்திருப்பார்.

ஓய்வெடு என்று சொன்னால் நடைமுறையில் யார் எதிலிருந்து ஓய்வெடுக்கிறார்கள்? எனக்குத் தெரிந்த ஓர் அக்கா சத்துணவுக் கூடத்தில் சமையலர். ஐம்பதைத் தாண்டியவர். விடிவதற்கு முன் வீட்டுச் சமையல். பிறகு பள்ளிக்கூடம். அரிசி களைந்து, காய் நறுக்கி, குழம்பு கூட்டி, சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நின்று பரிமாறி, அண்டாவைத் தேய்த்துக் கவிழ்ப்பதற்குள் மதியம் சாய்ந்துவிடும். சாயங்காலம் மட்டும் தோழிகள் இருவரோடு ஏரிக்கரையில் அரை மணி நேரம் நடப்பார். குதிகால் வலி வந்தது. "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார் மருத்துவர். அவர் எதை விட்டார்? அண்டாவை விட முடியாது. வீட்டு அடுப்பை விட முடியாது. நின்று பரிமாறுவதை விட்டால் வேலை போய்விடும். விட முடிந்தது ஏரிக்கரையை மட்டும்தான். தனக்காக, தன் உடம்புக்காக அவர் வைத்திருந்த ஒரே அரை மணி நேரத்தை மருத்துவச் சீட்டு வாங்கிக்கொண்டது. குதிகாலை நைய வைத்த ஆறேழு மணி நேர நிலை அப்படியே தொடர்ந்தது.

இந்த அறிவுரையின் மேல் எனக்கு இருக்கும் பெரிய கோபம் இதுதான். பெண்களின் விஷயத்தில் ஓய்வு என்பது பெரும்பாலும் வேலையிலிருந்து வருவதில்லை. அவர்களின் சொந்த நேரத்திலிருந்து வெட்டப்படுகிறது. 2022ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57. நாள் முழுக்க நிற்கிறவர்களைத்தான் இயக்கம் போதாதவர்கள் என்கிறது அந்தக் கணக்கு என்று சிலர் வியக்கிறார்கள். "நான்தான் காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேனே, அதுவே எக்சர்சைஸ்தானே" என்று அந்த அக்காவும் என்னிடம் கேட்டார். இல்லை அக்கா. ஒரே இடத்தில் நிற்கும்போது பட்டை இடைவிடாமல் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. கெண்டைச் சதை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளுவதில்லை. இதயத்துக்கும் வேலை இல்லை. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் கால் பாரத்தை வாங்குகிறது, விடுகிறது. இரண்டும் காலுக்கு ஒன்றல்ல.

தமிழ்நாட்டில் 2021இல் கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. துணிக்கடைகளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கிய பெண்களுக்காக வந்த சட்டம். குதிகால் வலிக்கு எந்த மாத்திரையையும்விட இது நல்ல மருந்து, நாற்காலி கடையில் உண்மையிலேயே போடப்பட்டிருந்தால், உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்காமல் இருந்தால். ஓய்வு வேண்டும் என்கிறவர்கள் அந்த நாற்காலிக்காகப் பேசட்டும். நானும் சேர்ந்து பேசுகிறேன். சமையல்கட்டில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து காய் நறுக்கச் சொல்லட்டும். நடையை மட்டும் கேட்காதீர்கள்.

எதிர்த்தரப்பின் மிக நல்ல வாதம் ஒன்று இருக்கிறது. வலி என்பது உடம்பு விடும் எச்சரிக்கை. அதை மதிக்காமல் நடப்பது மூடத்தனம் என்பது. இந்த வாதத்தை உலகிலேயே அழுத்தமாகச் சொன்னவர் நம் வேலூரில் வேலை செய்தவர். 1946இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் அடிபடுவது தெரியாமல் சிதைகின்றன என்று கண்டறிந்தார். முள் ஏறினாலும் தெரியாது, கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. அதே புண்மேல் அதே பாரத்தோடு நடந்துகொண்டே இருப்பார்கள். வலி இருப்பது எவ்வளவு பெரிய கொடை என்று வாழ்நாளெல்லாம் எழுதியவர் அவர். ஆனால் அவர் நோயாளிகளை என்ன செய்தார்? ஆயுளுக்கும் படுக்க வைக்கவில்லை. உள்ளங்காலின் பாரம் ஒரே இடத்தில் விழாமல் பரவலாக விழும்படி மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பரில் செருப்புச் செய்ய வைத்தார். புண் உள்ள காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, அதனோடேயே நடக்கும் முறையைக் கையாண்டார். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தரப்படும் எம்.சி.ஆர். செருப்பு அந்தப் பரம்பரையில் வந்ததுதான். வலியை அவ்வளவு மதித்த மனிதர் அதிலிருந்து எடுத்த பாடம், பாரத்தை எப்படிப் பிரித்துப் போட்டால் இவர் நடக்கலாம் என்பது. நாம் எடுத்திருக்கும் பாடம், நடக்காதே என்பது.

வலி எச்சரிக்கைதான். அதனால்தான் அதை அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன். நடக்கும்போது கொஞ்சம் வலிப்பது தப்பில்லை. தாங்க முடியாத அளவுக்குப் போகக் கூடாது. கணக்குப் பார்க்கும் இடம் மறுநாள் காலையின் முதல் அடி. நேற்றைவிட அதிகமாகக் குத்தினால் நேற்றைய நடை அதிகம், குறைத்துக்கொள்ள வேண்டும். அதே அளவோ குறைவாகவோ இருந்தால் நடை சரி. மாத்திரை போட்டு வலியை மறைத்துக்கொண்டு நடப்பதை நான் சொல்லவில்லை. ஸ்டீராய்டு ஊசியையும் சொல்லவில்லை. அது சில வாரங்களுக்குத்தான் சுகம், திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேய்ந்துபோகவும் இடமுண்டு.

உண்மையாகவே நிறுத்த வேண்டிய கால்கள் இருக்கின்றன. பெருவிரல் கணு சிவந்து வீங்கித் தொட்டால் துடிப்பது கீல்வாதமாக இருக்கலாம். எலும்பில் ஒரே புள்ளியில் வலித்து நடக்க நடக்கக் கூடினால் நுண்முறிவாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாமல் பாதம் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஓர் அடிகூடக் கூடுதலாக நடக்கக் கூடாது. மரத்துப்போன பாதமும், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலியும் சோதிக்க வேண்டியவை. இந்த இடங்களில் ஓய்வு உண்மையான மருந்து. கவனியுங்கள், இங்கெல்லாம் மருத்துவர் அளவு சொல்கிறார்: முறிவுக்கு ஆறு வாரம், எட்டு வாரம், பிறகு இப்படி இப்படி ஊன்ற வேண்டும் என்று. குதிவாதக்காரருக்கு மட்டும் முடிவுத் தேதியே இல்லாத ஓய்வு. வேறு எந்த மருந்தையாவது எத்தனை வேளை, எத்தனை நாள் என்று சொல்லாமல் எழுதிக் கொடுப்பார்களா?

எடையைக் குறைத்தால் வலி போய்விடும் என்று அதே மேசையில் அடுத்த வரியும் வருகிறது. எடைக்கும் குதிகால் வலிக்கும் தொடர்பு உண்டு, மறுக்கவில்லை. நடக்காதே, எடையைக் குறை என்று ஒரே மூச்சில் சொன்னால் அந்த மனுஷி என்ன செய்வாள்? சோற்றைக் குறைப்பாள். ஏற்கெனவே பருப்பும் முட்டையும் கடைசியில் மிஞ்சினால்தான் தன் தட்டுக்கு என்று இருப்பவள், இன்னும் குறைத்துக்கொண்டு இருக்கிற சதையையும் இழப்பாள். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது; தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 விழுக்காடு. சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று தெரிந்த ஊரில், காலைக் காரணம் காட்டி அந்த நடையைப் பிடுங்குவது ஒரு நோய்க்காக இன்னொன்றை வரவழைப்பது.

மறுபக்கம் இருப்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. வலியாவது ஒன்றாவது, பல்லைக் கடித்துக்கொண்டு பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று கைப்பேசியில் எண்ணிக் காட்டுகிறவர்கள். பத்தாயிரம் என்ற எண் 1960களில் ஜப்பானில் விற்ற ஓர் அடியளவு கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல. 2019இல் அமெரிக்காவில் ஐ-மின் லீ வயதான பெண்களிடம் செய்த ஆய்வில், நாளுக்கு ஏறக்குறைய 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் குதிகால் வலிக்காரருக்கு எட்டு கிலோமீட்டர் என்ற பலகையே போதும், வீட்டோடு இருந்துவிடுவதற்கு. உலக சுகாதார நிறுவனம் 2020இல், ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையே நீக்கிவிட்டது. ஐந்து நிமிடமாகப் பிரித்து நாலு தடவை நடந்தாலும் கணக்குத்தான். அதே பலகையில் இதையும் எழுதி வைக்கலாமே.

நடைதான் வேண்டும் என்றும் இல்லை. 1991, 92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல் உடைப்பவர்கள், கூலி வேலைக்காரர்கள், அங்கன்வாடி ஊழியர்கள். ஊர் கேலி பேசியது, அவர்கள் ஓட்டினார்கள். அப்போது இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பதுக்கு மேல். குதிகாலில் முழுப் பாரம் விழாமல் இதயத்துக்கும் தொடைக்கும் வேலை கொடுப்பதில் சைக்கிளுக்கு நிகர் குறைவு. அந்தத் தலைமுறைக்குக் கற்றுத்தர ஆளே வேண்டாம். அவர்களுக்கு ஓட்டத் தெரியும். அவர்களிடம் ரெஸ்ட் எடுங்கள் என்கிறோம். மறுபடி சைக்கிளை எடுங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

சத்துணவுக் கூடத்து அக்காவுக்கு வழி காட்டியவர் ஓர் இளம் இயன்முறை மருத்துவர். பள்ளிக்கூடத்துப் படிக்கட்டிலேயே செய்து காட்டினார். ஒரு துண்டை இறுக்கிச் சுருட்டிப் படி விளிம்பில் வைத்து, கால் விரல்கள் அதன்மேல் ஏறி மேல்நோக்கி வளைந்திருக்கும்படி முன்பாதத்தை ஊன்றச் சொன்னார். குதிகால் படிக்கு வெளியே. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று எண்ணும்வரை மெல்ல உயர வேண்டும்; மேலே இரண்டு எண்ணும்வரை நிற்க வேண்டும்; மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். முதலில் இரண்டு காலாலும், பழகிய பிறகு வலிக்கிற காலால் மட்டும். இன்னும் பழகினால் தோளில் ஒரு பையில் அரிசி போட்டு மாட்டிக்கொள்ளச் சொன்னார். ஒருநாள் விட்டு ஒருநாள். "வலிக்குதே தம்பி" என்றார் அக்கா. "கொஞ்சம் வலிக்கட்டும்மா. நாளைக்குக் காலையில எப்படி இருக்குன்னு மட்டும் பாருங்க" என்றார் அவர். டேனிஷ் ஆய்வில் செய்த பயிற்சிதான் அது. ஒரு காசு செலவில்லை. ஏரிக்கரைக்கும் போகச் சொன்னார், பாதித் தூரம் மட்டும், கரையோரச் சிமென்ட் பெஞ்சுவரை. சில மாதங்களில் அக்கா முழுக் கரையும் நடந்தார். வலி முழுக்கப் போய்விட்டதா என்றால் இல்லை. வெகுநேரம் நின்ற நாளில் இன்னமும் எட்டிப் பார்க்கிறது. நடப்பதற்கு அது தடையாக இல்லை.

செருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முன்பு மண்ணும் சாணித் தரையுமாக இருந்த வீடுகள் இன்று கிரானைட்டும் டைல்ஸுமாக இருக்கின்றன. அந்தக் கெட்டித் தரையில் நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்கிறோம். வீட்டுக்குள் செருப்பா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கும்வரை அடுப்படியில் குதிகால் தேறுவது சிரமம். வாசலைத் தாண்டாத, கழுவி வைத்த ஒரு மெத்தென்ற செருப்பைச் சமையல்கட்டுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பூஜையறைக்குப் போகும்போது கழற்றிவிட்டால் போயிற்று. மாமியாருக்குச் சங்கடம் என்றால் அவருக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். அவருக்கும் குதிகால் வலி இருக்கும், சொல்லியிருக்க மாட்டார்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓய்வு என்று எழுதும்போது எத்தனை நாள் என்று எழுதுங்கள். எதிலிருந்து ஓய்வு என்று எழுதுங்கள்: நிற்பதிலிருந்தா, பாரம் தூக்குவதிலிருந்தா, ஓடுவதிலிருந்தா? எந்த நாளிலிருந்து, எவ்வளவு நடக்கத் தொடங்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. படுத்துவிட்டவர்களுக்கு வரும் அந்தக் கை, படுப்பதற்கு முன்னாலேயே இந்த நடுவயதுக் கால்களையும் பிடித்துப் பார்க்கட்டும்.

கால் வலியோடு இதைப் படிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை யாராவது "ரெஸ்ட் எடுங்க" என்றால், தலையாட்டிவிட்டு வெளியே வராதீர்கள். "எத்தனை நாளைக்கு டாக்டர்? அதுக்கப்புறம் நான் என்ன பண்ணணும்?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவு எங்கே இருக்கிறது என்று விசாரித்து, நேராக அங்கே போங்கள்.